சாச்சி இத்தா இருந்த ரயில் பெட்டி

உக்குவளைப் பாடசாலையில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்களில் இன்னும் நாலைந்து பேர் மிச்சம் இருக்கிறீர்கள். எங்கள் வீட்டு வளவில் ஒரு ரயில் பெட்டி கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதில் ஏறிக் குதிக்காத பிள்ளை அந்தத் தெருவில் இல்லை. அந்தப் பெட்டிக்குள் என் சாச்சி ஒரு காலம் இருந்ததும் உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். ஜின் பிடித்த பொம்பிளை என்று உங்கள் வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அதைச் சொல்லி நீங்களும் என்னைப் பகடி பண்ணியிருக்கிறீர்கள். எனக்கு அதில் கோபமில்லை. இப்போது கேட்டுச் சொல்ல வீட்டில் பெரியவர்கள் ஒருவரும் இல்லாத காரணத்தால், எனக்குத் தெரிந்த அளவில் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

பெட்டி வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. அதன் தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடி. உக்குவளை ஸ்டேஷனைத் தாண்டி மாத்தளைக்குப் போகும் நம்முடைய ரயில் பாதையில் அரைவாசிக்கும் குறைவு. வெள்ளைக்காரத் தோட்டங்களின் தேயிலையை மலையிலிருந்து இறக்குவதற்காகப் போட்டார்கள். பிறகு ரோட்டில் பஸ்ஸும் லொறியும் பெருகின. முதலில் ஆட்களை ஏற்றுவதை நிறுத்தினார்கள். கொஞ்ச காலம் சரக்கு மட்டும் ஓடியது. சுதந்திரம் கிடைத்த காலத்தோடு அதுவும் நின்றது. தண்டவாளத்தைக் கழற்றினார்கள், பெட்டிகளை விற்றார்கள். மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் வாங்கி விற்ற என் வாப்பா அதில் ஒன்றை வாங்கினார்.

மழைக்காலத்தில் கொக்கோ விதை பூஞ்சணம் பிடிக்கும். தேக்கு மரத்தில் செய்த, எலி புகாத, நிலத்திலிருந்து உயர்ந்து நிற்கிற ஓர் அறை கிடைத்தால் நல்லது என்று வாப்பாவுக்கு ஓர் எண்ணம். உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஊட்டு முன்னுக்கு ரயில நிப்பாட்டினா பாக்கிற சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டார். "டிக்கட் கேக்கும்," என்றார் வாப்பா.

சக்கரச் சில்லுகள் கழற்றிய வெறும் பெட்டியாக, பெரிய ரயிலின் தட்டை வண்டியில் அது ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து எங்கள் வளவுக்கு யானைதான் இழுத்துவந்தது. மர உருளைகளை நிலத்தில் அடுக்கி, அதன்மேல் பெட்டியை வைத்து, சங்கிலி கட்டி இழுத்தார்கள். பின்னால் விடுபடும் உருளைகளை ஆட்கள் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். பாடசாலை அன்று நடக்கவில்லை என்றே நினைக்கிறேன், வாத்தியார்களும் ரோட்டில்தான் நின்றார்கள். வளவுக்குள் நுழைய வாசல் போதாமல் மதிலில் ஒரு துண்டை உடைத்தார்கள். ரம்புட்டான் மரத்தடியில் கல் தூண்கள் கட்டி, அதன்மேல் பெட்டியை ஏற்றிவைத்தபோது யானை வியர்த்ததா என்று என் தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான்.

உள்ளே நுழைந்தால் முதலில் வருவது புகை வாசம். எத்தனை தரம் கழுவியும் அது போகவில்லை. மரத்தின் இடுக்குகளில் கரித்தூள் இருந்தது. இரண்டு பக்கமும் பலகை ஆசனங்கள், நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடம். வாப்பா கையை நீட்டி விரித்தால் விரல்கள் இரண்டு பக்கச் சுவரையும் கிட்டத்தட்டத் தொடும். ஜன்னலை ஏற்றி இறக்கத் தோல் பட்டி. தொப்பி மாட்டப் பித்தளைக் கொளுவி. அந்தக் கொளுவிகளை வாப்பா கழற்றவில்லை. கொக்கோ சாக்குகள் வந்து அடுக்கப்பட்ட பிறகு, புளித்த கொக்கோ வாசமும் பழைய புகை வாசமும் ஒன்றாகி, வேறெங்கும் நான் மோந்திராத ஒரு வாசமாக ஆனது.

சாச்சி, உம்மாவின் தங்கை. கந்தப்பளையில் கலியாணம் முடித்துக் கொடுத்திருந்தது. அவருடைய புருசன், எங்கள் சாச்சா, அங்கே தோட்டங்களிலும் சின்ன நிலங்களிலும் விளையும் மரக்கறியை வாங்கி, அந்தச் சின்ன ரயிலில் நானுஓயாவுக்கு அனுப்பி, அங்கிருந்து பெரிய ரயிலில் கொழும்புக்கு அனுப்புவார். ரயில் நின்றபோது அவருடைய தொழிலும் பாதி நின்றது. பெட்டி வந்து சில கிழமைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சாக்கு லீக்ஸும் கொண்டுவந்தார். சோற்றுக்கு முன்னால் வளவுக்குப் போய்ப் பெட்டியைச் சுற்றி நடந்தார். கையால் தடவினார்.

"இந்த மாதிரிப் பெட்டியிலதான் உங்கட சாச்சிய மாப்பிள வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனது," என்று எங்களிடம் சொன்னார். "குளிருல வாய் நடுங்கி, கேட்ட கேள்விக்கு ஒரு பதிலும் வரல்ல. நான் ஊமைப் பொண்ணு எண்டு நெனச்சிட்டேன்."

அன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு வாப்பாவும் அவரும் பேசியது எனக்கு நினைவிருக்கிறது.

"ரயிலு திரும்ப வராது. அத நெனச்சிக்கிட்டு ஈக்கிறதுல வேல இல்ல," என்றார் வாப்பா. "ஒரு லொறி எடுங்க. நேரா கொழும்புக்கே அனுப்பலாம்."

"அந்த ரோட்டுல மூடுபனி, மச்சான். லொறி நமக்குப் பழக்கமும் இல்ல."

"பழக்கம் எண்டது ஏறி உக்காந்தா வாற சாமான். நான் பாத்துத் தாறேன்."

வாப்பா சொன்னபடியே செய்தார். மாத்தளையில் தெரிந்த ஒருவரிடம் நல்ல லொறி ஒன்றைத் தேடி, சாரதி ஒருவரையும் பிடித்து, மலைக்கு அனுப்பினார். வாப்பாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஊரில் ஒரு காரியம் நடக்கவில்லை என்றால் அவரிடம்தான் வருவார்கள். ஒரு பருவம் லொறி நன்றாகவே ஓடியது. அடுத்த ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையில் ரோட்டை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்தது. சாரதி குதித்துத் தப்பினார். பக்கத்தில் இருந்த சாச்சா மௌத்தாகிவிட்டார்.

நம்மோடு படித்த சைவப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், வெளியே போகாமல், வெள்ளை உடுத்து இருக்க வேண்டும். அதுதான் இத்தா. புருசன் வீட்டில் இருப்பதுதான் முறை. ஆனால் சாச்சிக்குப் பிள்ளை இல்லை, அங்கே துணைக்கு ஆளும் இல்லை. ஜனாஸா அடக்கிய பிறகு வாப்பாவும் உம்மாவும் போய், ஒரு காரின் ஜன்னல்களுக்குச் சீலை கட்டி, அவரை உக்குவளைக்குக் கூட்டிவந்தார்கள்.

கார் வளவுக்குள் வந்து நின்றது. ஆண்களை எல்லாம் உள்ளே போகச் சொன்னார்கள். உம்மா கதவைத் திறந்தார். சாச்சி இறங்கி, வீட்டைப் பார்க்கவில்லை, ரம்புட்டான் மரத்தடியைப் பார்த்தார். முகம் வீங்கியிருந்தது. நாங்கள் அழுகையை எதிர்பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ராத்தா, நான் அதுக்குள்ள இருக்கட்டா?" என்று உம்மாவிடம் கேட்டார்.

வீட்டில் அவருக்காக ஓர் அறையை வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். சாச்சி அங்கே போகவில்லை. பெட்டியின் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். ரோட்டிலேயே காரை விட்டு இறங்கிக் கடைக்குப் போயிருந்த வாப்பாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் பின்கதவால் வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே உம்மாவிடம் கத்தினார்.

"என்ன கத இது? ஊட்டுல அறை இல்லாமலா ஈக்கி? கொக்கோ காலத்துல சாக்கெல்லாம் நான் தலையிலயா வைக்க?"

பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். லெப்பை நிதானமான மனுசர். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "இத்தா இருக்க நாலு சுவரும் ஒரு கூரையும் வேணும். அதுக்குச் சில்லு ஈந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்."

அன்று பின்னேரமே சாக்குகள் வெளியே வந்தன. வாப்பா அவ்வளவு சுருக்கில் விட்டுக்கொடுத்தது எங்களுக்கு ஆச்சரியம். சாக்குகளில் ஒரு பகுதி அந்த வருசம் பூஞ்சணம் பிடித்து வீணாகியது. அதைப் பற்றியும் அவர் வாய் திறந்ததில்லை.

பிறகு வந்த மாதங்களை நான் நல்ல காலம் என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் எங்களுக்கு, அதாவது எனக்கும் தம்பிக்கும், அது நல்ல காலம்தான். பாடசாலை விட்டு வந்ததும் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் ஏறுவோம். ஒரு பக்க ஆசனத்தில் மெத்தை போட்டிருந்தது. மறுபக்க ஆசனத்தில் குர்ஆன், தஸ்பீஹ் மாலை, தண்ணீர்க் கூஜா. பித்தளைக் கொளுவியில் வெள்ளைச் சீலை காயும். ஜன்னல் பலகைகள் மூடியே இருக்கும். இடுக்குகளால் வெயில் கோடு கோடாக விழும். வெயில் இல்லாத நாட்களில் மழை கூரையில் விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது.

ஆரம்பத்தில் சாச்சி பேசவில்லை. ஒரு நாள் தம்பி, ரயில் பெட்டிக்குள் இருந்துகொண்டு எங்கேயும் போகாமல் இருப்பது என்ன நியாயம் என்று அழுதான். சாச்சி அவனை மடியில் இருத்தி, "சரி, ஏறு. நானுஓயா," என்றார். அன்றிலிருந்து தினமும் நாங்கள் இராகலைக்குப் போனோம்.

கடிகாரம் பார்க்காமல், அவருடைய நினைவு போகிற வேகத்தில் அந்தப் பயணம் போகும். நானுஓயாவில் பெரிய ரயிலிலிருந்து இறங்கிச் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். பெரிய ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் சின்னதைப் பார்த்தவுடன் சிரிப்பார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு சிரிக்க மாட்டார்கள், முழங்கால் எதிரில் இருப்பவர் முழங்காலில் இடிக்கும். மழை நாளில் சக்கரம் வழுக்கும்போது தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். வளைவுகளில் ஜன்னலால் பார்த்தால் தன் ரயிலின் என்ஜினே தனக்கு எதிரே வருவதுபோல இருக்கும். நுவரெலியாவில் கம்பளிக் கோட்டுப் போட்ட துரைமார் இறங்குவார்கள். கந்தப்பளையில் உருளைக்கிழங்கு மூட்டைகள் ஸ்டேஷன் கூரை வரை அடுக்கியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளையாக இருக்கும். புறூக்சைட் தாண்டினால் இராகலை. அங்கே பாதை முடிந்துவிடும். என்ஜினைத் திருப்பிக்கொண்டு வருவார்கள்.

"அதுக்கு அங்கால?" என்று தம்பி கேட்பான்.

"அதுக்கு அங்கால நடந்துதான் போகணும்."

ரயில் ஏன் நின்றது என்று ஒரு நாள் நான் கேட்டேன். சாச்சி யோசித்துச் சொன்னார்: "அது மெதுவா போகும் மகள். மனுசருக்கு அவசரம் வந்திட்டுது." லொறியைப் பற்றி அவர் ஒரு நாளும் எங்களிடம் பேசியதில்லை. வாப்பாவைப் பற்றிக் குறை சொன்னதும் இல்லை.

மூன்றாவது மாதத்தில் கரி விவகாரம் வந்தது. பக்கத்து வளவுப் பெண் ஒருத்தி, உம்மாவிடம் சுளகு இரவல் வாங்க வந்தவள், பெட்டியின் கதவிடுக்கால் எட்டிப் பார்த்திருக்கிறாள். சாச்சி அடுப்புக்கரித் துண்டொன்றைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார். நானும் அதற்கு முன்பே கண்டிருந்தேன். பல்லில் கறுப்பு ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, "பல்லு வெளக்கினேன்," என்று சொன்னார். நான் அதை நம்பிவிட்டேன்.

அந்தப் பெண் நம்பவில்லை. அந்திக்குள் உக்குவளை முழுவதும் செய்தி பரவிவிட்டது. பெட்டிக்குள் ஒரு வெள்ளைக்காரனின் ஜின் இருக்கிறது, அது ரயில் கரியைக் கேட்கிறது என்று ஒரு கதை. அந்த ரயில் கவிழ்ந்து செத்தவர்களின் பெட்டி அது என்று இன்னொரு கதை. அப்படி ஒன்றும் நடந்ததில்லை. உங்களில் ஒருத்தி என்னிடம் வந்து, உன் சாச்சி இரவில் கூவுகிறாளாமே என்று கேட்டது நினைவிருக்கிறதா? நான் உன்னைக் கிள்ளினேன்.

வாப்பா பயந்துபோனார். ஓதிப் பார்க்கிற ஒருவரை இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து அழைத்துவந்தார். அவர் பெட்டியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஊதி, ஒரு போத்தல் தண்ணீரில் ஓதிக் கொடுத்தார். என்னிடம்தான் போத்தலைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். சாச்சி பிஸ்மி சொல்லி ஒரே மூச்சில் குடித்தார்.

"தாகமா இருந்திச்சி. நல்லம்," என்றார்.

உம்மா அந்த நேரமெல்லாம் குசினியில்தான் இருந்தார். ஓதுகிறவருக்குச் சோறு போட்டார். ஜின்னைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஐந்து பெற்றவர் என் உம்மா. அவர் வாயை மூடிக்கொண்டிருந்ததன் அர்த்தத்தை நான் என் முதல் பிள்ளையைச் சுமந்த காலத்தில்தான் விளங்கிக்கொண்டேன். எனக்கும் அடுப்புக்கரி மேல் ஆசை வந்தது.

அதே நாட்களில்தான் துணிக்கடை ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். மாத்தளை டவுனில் பெரிய கடை. மனைவி மௌத்தாகி, மகன்மார் வளர்ந்துவிட்டார்கள். வாப்பாவின் பழைய கூட்டாளி. இத்தாவில் இருக்கிற பெண்ணிடம் கலியாணம் பேசக் கூடாது. அதனால் அவர் ஒன்றும் பேசவில்லை. "பிள்ளைகளுக்கு" என்று சொல்லி மஸ்கட் இனிப்பும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கொடுப்பார். போகும்போது பெட்டியை ஒரு தடவை பார்ப்பார். அவர் கண் பட்ட திசையில் வாப்பாவும் பார்ப்பார்.

மஸ்கட்டை நான் சாச்சியிடம் கொண்டுபோவேன். "யாரு தந்த?" என்று கேட்பார். சொல்வேன். "பிள்ளைகளுக்குத் தானே தந்திருக்காங்க. நீங்களே சாப்பிடுங்க," என்பார். நாங்கள் சாப்பிட்டோம். நெய் மணக்கும் நல்ல மஸ்கட். அவ்வளவு மஸ்கட் என் ஆயுளில் அந்த ஒரு வருசம்தான் தின்றிருக்கிறேன்.

சோறு தின்னும் ஒரு வாயைக் குறைக்கத்தான் வாப்பா மச்சினியைக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். வெகுகாலம் நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த லொறியைத் தேடிக் கொடுத்தவர் அவர். விடியச் சுபஹு தொழுதுவிட்டு வரும்போது, பெட்டிக்குள்ளிருந்து சாச்சி குர்ஆன் ஓதும் சத்தம் கேட்கும். வாப்பா அந்த இடத்தைக் கடக்கும் மட்டும் நடையை எட்டிப் போடுவார். தான் உடைத்ததைத் தன் கையாலேயே பொருத்திவிட வேண்டும் என்று ஓர் அவசரம் அவருக்கு. பொருத்துகிற பொருள் என்ன நினைக்கிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

இத்தா முடிவதற்கு முதல் நாள், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, ரம்புட்டான் மரத்தடியில் இரண்டு கதிரைகள் போடப்பட்டன. லெப்பையும் வாப்பாவும் பெட்டியின் மூடிய ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்தார்கள். உம்மா குசினி வாசலில் சுளகில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் பெட்டிக்குள், சாச்சிக்குப் பக்கத்தில்.

லெப்பை செருமினார். "தங்கச்சி, அல்லாஹ்ட உதவியால நாளையோட உங்கட இத்தா முடியுது."

சாச்சி தஸ்பீஹ் மாலையைக் கீழே வைத்தார்.

"இனி உங்கட காலத்தையும் பாக்கணும் தானே," என்றார் வாப்பா. "ஹாஜியார் நல்ல மனுசன். வயசு கொஞ்சம் போனதுதான். உங்களை மதிச்சி வச்சிக்குவாரு. நீங்க ஒரு சொல்லு சொன்னாப் போதும்."

"என்ட இத்தா நாளைக்கு முடியாது மச்சான்," என்றார் சாச்சி. உரத்தும் சொல்லவில்லை, மெதுவாகவும் சொல்லவில்லை.

"என்ன புள்ள சொல்ற? நாலு மாசமும் பத்து நாளும். லெப்பை பாத்துத்தானே சொல்றாரு."

"அப்ப லெப்பைக்கிட்டயே கேளுங்க. வயித்துல புள்ளையோட ஈக்கிற பொம்பிளைக்கு இத்தா எப்ப முடியும்?"

"அது புள்ள பொறந்தாத்தான்..." என்று லெப்பை ஓதிப் பழகிய வேகத்தில் தொடங்கினார். பதில் வாயிலிருந்து வந்த பிறகுதான் கேள்வி அவருக்கு விளங்கியது. அப்படியே நிறுத்திவிட்டார்.

வாப்பா எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு குசினி வாசலைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

உம்மா தலையை உயர்த்தவில்லை. "மழை வரப் போகுது. முத்தத்து மிளகெல்லாம் யாரு அள்ற?" என்றார்.

இரண்டாவது மாதத்திலேயே தண்ணீர்க் கூஜாவைச் சாச்சி தூக்கக் கூடாது என்று எங்களிடம் உம்மா சொல்லியிருந்தார். ஆட்டுப்பால் தனியாகப் போனது. வெள்ளைச் சீலைகளை ஆளிடம் கொடுக்காமல் உம்மாவே துவைத்தார். அதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாச்சிக்கு அதற்கு முன்பு தங்கிய குழந்தைகள் எல்லாம் மாதம் நிறையாமலே போயிருந்தன. இந்தத் தடவையும் சொன்னால் போய்விடும் என்று அக்காளும் தங்கையும் பயந்திருக்கலாம். அத்தோடு, சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் ஹாஜியார் வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது. அவரை வீணாகக் காக்கவைப்பதும் உம்மாவின் எண்ணத்தில் இருந்திருக்கும். அவர் சாகும் வரைக்கும் நான் கேட்கவில்லை.

ஹாஜியாருக்கு ஆள் போனது. பிறகு மஸ்கட் வரவில்லை. சில மாதத்துக்குள் அவர் அக்குறணையில் ஒரு பெண்ணை முடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம். ஜின் கதையும் ஓய்ந்துபோனது. அதைப் பரப்பிய அந்தப் பக்கத்து வளவுப் பெண், தனக்கு முதலிலேயே தெரியும் என்று சொல்லிக்கொண்டு ஒரு சட்டி மாங்காய் அச்சாறு கொண்டுவந்து கொடுத்தாள்.

பிள்ளை அந்தப் பெட்டிக்குள்தான் பிறந்தது. வீட்டுக்குள் வரச் சொன்னார்கள். இத்தனை நாள் இருந்துவிட்டேன், இனி எழும்பி நடக்க ஏலாது என்று சொல்லிவிட்டார் சாச்சி. மருத்துவம் பார்க்கும் சிங்கள நோனா குடையோடு வந்து, ஒடுங்கிய ஆசனத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "இங்க எப்பிடி நான் வேலை செய்றது? கை நீட்ட இடம் இல்லையே," என்றார். ஆனாலும் செய்தார். மத்தியானம் திரும்புவதற்குள் பெண் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. வாப்பா மதிலோரம் நின்று, தூக்கிவந்து காட்டிய பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார்.

நாற்பது கழிந்து சாச்சி பகலில் வளவைக் கடந்து வீட்டுக்கு நடந்து வந்தார். வெயிலில் கண் கூசி, கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டார். வெள்ளையடித்த அறையை வாப்பா மறுபடியும் ஆயத்தம் செய்து, தொட்டிலும் கட்டிவைத்திருந்தார். சாச்சி தொட்டிலைத் தொட்டுப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு தான் கந்தப்பளைக்குப் போகப் போவதாகச் சொன்னார்.

"அங்க என்ன ஈக்கி?" என்றார் வாப்பா.

"ஊடு ஈக்கி. பின்னால கிழங்குத் தோட்டம் ஈக்கி. விளைவிக்கிற சனத்த எல்லாம் எனக்குத் தெரியும்."

"பொம்பிள ஒராளா மரக்கறி யாவாரம் செய்யவா? அந்தக் குளிர் இந்தப் புள்ள தாங்குமா?"

"அங்க பொறக்கிற புள்ளைகள் எல்லாம் தாங்குதுதானே மச்சான்."

வாப்பா குரலை உயர்த்தினார். இல்லை என்றால் இல்லை என்றார். தன் வீட்டு வாசலைத் தாண்ட விடமாட்டேன் என்றார். உம்மா கைவேலையை வைத்துவிட்டு வந்து நடுவில் நின்றார். என் வாழ்க்கையில் வாப்பாவின் பேச்சுக்கு மேல் உம்மா பேசிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அவ போகட்டும்," என்றார். "போன முறை நீங்க சொன்னதக் கேட்டாங்க. இந்த முறை அவ சொல்றதக் கேப்போம்."

வாப்பா உம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அந்திக்கு வரும்போது ஒரு தகரப் பெட்டியும் பிள்ளைக்குக் கம்பளிப் போர்வையும் வாங்கிவந்து, கட்டிலில் வைத்தார்.

சாச்சி அங்கே என்ன ஆனார் என்று உங்களில் சிலர் கேட்டதுண்டு. அவர் கந்தப்பளையிலேயே இருந்தார். வியாபாரம் சில வருசம் ஓடியது, சில வருசம் ஓடவில்லை. மறுபடி கலியாணம் முடிக்கவில்லை. மகளைப் படிக்க வைத்தார், மகள் ஆசிரியை ஆனாள். எங்கள் வளவுப் பெட்டியில் மறுபடியும் கொக்கோ வந்து அடைந்தது. பிறகு கோழிகள். எழுபதுகளில் கறையான் அடிப்பலகையைத் தின்று, ஒரு பக்கம் சரிந்தபோது, என் தம்பி அதைப் பிரித்து விறகுக்கும் கதவுக்கும் கொடுத்துவிட்டான். அப்போது நான் கலியாணம் முடித்து வேறு ஊரில் இருந்தேன். அந்தக் காலத்தில் நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு, தேக்குப் பலகை கிடைத்தவர்கள் சந்தோசப்பட்டிருப்பார்கள்.

சாச்சியைக் கொண்டுபோய் விட்ட பயணத்தோடு நான் இதை முடிக்கிறேன். ஆகஸ்ட் விடுமுறை. உம்மா, சாச்சி, நான், கைக்குழந்தை. வாப்பா கூட வருவதாக இருந்தது. விடியற்காலையில் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். உக்குவளையில் ரயிலேறி, கண்டியில் மாறி, நானுஓயாவில் இறங்கினோம். சாச்சி சொன்ன அந்தச் சின்ன ரயில் நின்ற இடத்தை நான் தேடினேன். புல் முளைத்த மேடைதான் இருந்தது. நுவரெலியா பஸ்ஸில் ஏறினோம். ரோட்டுக்குப் பக்கமாக, தண்டவாளம் கழற்றிய பாதை தேயிலைச் செடிகளுக்கிடையில் வளைந்து வளைந்து போனது. ஆட்கள் அதன்மேல் நடந்து போனார்கள். ஒருவன் மாடு ஓட்டிக்கொண்டு போனான்.

பஸ்ஸில் கூட்டமில்லை. கொண்டக்டர் தோட்டத்துப் பிள்ளை, இருபது வயதுக்கு மேல் இராது. பிள்ளைக்கு ஜன்னல் காற்றுப் படக் கூடாது என்று தானே வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டான். அவனிடம் சாச்சி கேட்டார்:

"தம்பி, போன வருசம் ஐப்பசியில ஒரு மரக்கறி லொறி விழுந்திச்சே. அது எந்த இடம்?"

உம்மா சாச்சியின் முழங்கையைப் பிடித்தார். அந்த வழியாகத்தான் சாச்சியை அன்று கீழே கொண்டுவந்தார்கள். ஆனால் காரின் ஜன்னல்களில் சீலை கட்டியிருந்தது. அவர் அந்த இடத்தைக் கண்டதில்லை.

"வருதுங்க, இன்னும் ரெண்டு மொடக்கு போகணும்," என்றான் அவன். சொல்லத் தெரிந்த ஒரு கதை கிடைத்த உற்சாகம் அவன் குரலில் இருந்தது. "இந்தா, இதுதாங்க. வெள்ளக் கல்லு வச்சிருக்காங்க பாருங்க. ஒரு முதலாளி செத்துட்டாருங்க. பாவம், நல்ல மனுசன்னு சொல்வாங்க. சாமானெல்லாம் கீழ தேயிலைக்குள்ள கொட்டிப் போச்சு. தோட்ட லயத்து சனங்க நாள்கணக்கா கரட்டும் லீக்ஸும்தான் ஆக்கித் தின்னாங்க. எங்க வீட்டுலயும்தாங்க, பொய் சொல்லக் கூடாது."

பஸ் அந்த வளைவில் மெதுவாகத் திரும்பியது. பள்ளத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் தலைகள் தெரிந்தன. சாச்சி கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தார். பிள்ளை சால்வைக்குள் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருந்திச்சா?" என்று கேட்டார்.

"என்னாங்க?"

"கரட்டு."

"இனிப்பா இருந்திச்சுங்க."

"அவங்க பாத்துப் பாத்துத்தான் ஏத்துவாங்க," என்றார் சாச்சி.

அவன் சிரிக்கத் தொடங்கி, பிறகு எங்கள் மூன்று பேரையும் சால்வையையும் பார்த்தான். நுவரெலியாவில் பஸ் மாறும்போது அவனே எங்கள் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக் கந்தப்பளை பஸ்ஸில் ஏற்றி, அந்தக் கொண்டக்டரிடம் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

கந்தப்பளையில் இறங்கும்போது மூடுபனி. ஐந்து முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உம்மா எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றார். சாச்சி போர்வையால் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டு, "இதால வாங்க ராத்தா, வழி எனக்குத் தெரியும்," என்று முன்னால் நடந்தார்.